வேளச்சேரி அடுக்ககத்துக்குச் சுவரோடு சுவர் கார்பெட்டா, தனி விரிப்பா?

மலர்விழி, வேளச்சேரி

வணக்கம். எங்கள் வீட்டுத் தரை விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறை வீடு. தரை முழுவதும் விட்ரிஃபைட் டைல்ஸ். கூடம் 11க்கு 16 அடி. மாமனாருக்கு 74 வயது, மூட்டுவலி உண்டு. ஏ.சி. ஓடிய அறையில் விடியற்காலையில் பாதத்தை ஊன்றினால் சில்லென்று ஏறுகிறது என்கிறார். மகளுக்குப் பத்து மாதம், தவழ்கிறாள். மூத்தவனுக்கு ஆறு வயது, மழைக்காலம் வந்தால் வீசிங்கும் கூடவே வரும். அவன் பொம்மைக் கார் ஓட்டினால் கீழ்வீட்டில் இடி இடிப்பது போல் கேட்கிறதாம். அவர்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

உள் அலங்கார வேலை செய்பவர் கூடத்துக்கும் மாமனார் அறைக்கும் சுவரோடு சுவர் கார்பெட் ஒட்டச் சொல்கிறார். கணவருக்கு அதில் விருப்பம். தேவையான இடத்தில் மட்டும் ரக், அதாவது ஒட்டாத தனி விரிப்பு, விரித்தால் போதும் என்பது என் எண்ணம். ஆனால் கடையில் ரக் என்று கேட்டால் ஆயிரம் ரூபாயிலிருந்து லட்ச ரூபாய் வரை எடுத்துப் போடுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?


குமரன், கார்பெட் பொருத்துபவர், கோயம்புத்தூர்

அலுவலகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் கார்பெட் போடுவதுதான் என் தொழில். இருந்தும் சொல்கிறேன் சகோதரி, உங்கள் கூடத்துக்கு அது வேண்டாம்.

குளிர் நாடுகளில் மரப்பலகைத் தளத்தின் ஓரத்தில் ஆணி முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சட்டங்களை அடித்து, நடுவில் மெத்தென்ற அடிவிரிப்பைப் பரப்பி, கார்பெட்டை இழுத்து அந்த முனைகளில் மாட்டுவார்கள். வேண்டாதபோது உருவி எடுத்துவிடலாம். நம்மிடம் இருப்பது கான்கிரீட், அதன் மேல் டைல்ஸ். துளை போட்டால் டைல்ஸ் விரியும் என்ற பயத்தில் பெரும்பாலும் பசையால் ஒட்டிவிடுகிறோம். பிற்பாடு பிரிக்கும்போது பசை டைல்ஸ் இணைப்புக் கோடுகளில் உட்கார்ந்துகொண்டு சுரண்டச் சுரண்ட வராது. அறைக்கதவுகளின் அடிப்பாகத்தையும் சீவ வேண்டியிருக்கும். ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டில் இந்த இரண்டு வேலையும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அலுவலகத்தில் கார்பெட் நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அங்கே நாங்கள் ஒட்டுவது பெரும்பாலும் 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள், நைலான் இழை. காபி கொட்டினால் அந்த ஒரு துண்டைப் பெயர்த்து வேறு துண்டு வைப்போம். பகல் முழுவதும் ஏ.சி. ஓடுகிறது, சமையல் இல்லை, தினமும் வேக்குவம் போட ஆள் இருக்கிறார்கள். உங்கள் கூடத்தில் இவற்றில் எதுவும் இல்லை. வீடுகளில் நான் மனதாரப் பொருத்திக் கொடுப்பது படம் பார்க்கத் தனியாக ஒதுக்கிய அறைக்கு மட்டும்தான். எதிரொலி அடங்கும், அங்கே யாரும் சாப்பாட்டுத் தட்டுடன் நடமாடுவதும் குறைவு.


தறிவீட்டுப் பிள்ளை, பவானி

அக்கா, ரக் தேடுவதற்கு முன் ஜமக்காளத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊருக்காகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, உண்மையில் உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானது அதுதான்.

அதில் ரோமம் போல நிற்கும் இழை கிடையாது. பாவும் ஊடையும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், மட்டுமே சேர்ந்த தட்டையான நெசவு. தூசி மேலே தங்குமே தவிர வேரோடி உள்ளே போகாது. உதறினால் போய்விடும். இரண்டு பக்கமும் விரிக்கலாம். அழுக்கானால் தண்ணீரில் முக்கி அலசி, மாடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் பக்கம் போட்டால் வெயில் நாளில் மாலைக்குள் காய்ந்துவிடும். ஒட்டிய கார்பெட்டை எந்த மாடிக்குக் கொண்டு போவீர்கள்?

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் உண்டு, அதாவது கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய பொருள். ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய மெல்லிய துணி பவானி என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. விலை குறைவு என்று மக்கள் அதை எடுக்கிறார்கள். எங்கள் தெருவில் தறிகள் நின்றுபோய், பிள்ளைகள் பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போவதற்கு அந்தப் போலிச் சரக்கும் ஒரு காரணம். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். மடித்தால் மடிப்பு விறைத்து நிற்க வேண்டும்.


ரஞ்சனி, ஸ்காபுறோ

மலர்விழி, இங்கே கனடாவில் கதை வேறு. அதைச் சொன்னால் உங்கள் கணவருக்கு உதவக்கூடும்.

எங்கள் வீடு மரச்சட்ட வீடு. மேல்மாடியில் ஒருவர் நடந்தால் கீழே தெரியும், அதனால் படிக்கட்டிலும் படுக்கையறைகளிலும் கார்பெட் அடித்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருப்பதால் உள்ளே காற்று மிகவும் வறண்டுவிடும், உதடு வெடிக்கும் அளவுக்கு. அப்படிப்பட்ட காற்றில் கார்பெட் ஈரம் பிடிக்காது. கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் சுடச்சுட இருப்பது பெரிய சுகம், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இதே வீட்டின் நிலக்கீழ் அறையில் கோடையில் கார்பெட் மணக்கத் தொடங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் சுவரும் தளமும் குளிர்ந்தே இருக்கும், வெளியிலிருந்து வரும் ஈரக் காற்று அங்கே படிகிறது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்துத்தான் சமாளிக்கிறோம். இங்குள்ள தமிழ் ஆட்கள் பலர் கீழ்த்தளத்துக் கார்பெட்டைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சமையலில் மஞ்சளும் எண்ணெயும் இல்லாத நாள் ஏது?

சென்னையின் கோடைக் காற்றை நான் அறிவேன். எங்கள் நிலக்கீழ் அறையின் ஈரம் உங்களுக்கு ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் இருக்கிறது என்று கணவரிடம் சொல்லுங்கள்.


செவிலி, மதுரை

வீசிங் உள்ள பிள்ளை என்று படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நெஞ்சக நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன்.

தூசிப் பூச்சி என்பது கண்ணுக்குத் தெரியாத, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள உயிரி. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதன் உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடலால் இழுத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நிலையாக இருந்தால் வறண்டு சாகும். சென்னையில் பெரும்பாலான நாள்களில் ஈரப்பதம் 60ஐத் தாண்டித்தான் இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மூச்சிழுப்பைத் தூண்டுவது அந்தப் பூச்சியின் கழிவு. ஆழமான இழையுள்ள கார்பெட் அதற்கு உணவும் ஈரமும் மறைவிடமும் சேர்ந்து கிடைக்கும் இடம்.

நம் வீடுகளில் துடைப்பத்தால் பெருக்குகிறோம். கார்பெட்டின் மேல் துடைப்பம் போட்டால் தூசி எழும்பிப் பிள்ளையின் மூக்குக்குத்தான் போகும். அதற்கு நுண்துகளை வெளியே விடாத வடிகட்டி கொண்ட வேக்குவம் தேவை, அதையும் தவறாமல் போட வேண்டும். தரை மட்டுமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். மெத்தையும் தலையணையும் அதைவிடப் பெரிய இருப்பிடங்கள். உறைகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது. பிள்ளைக்கு எதனால் மூச்சிழுப்பு வருகிறது என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அவன் தூங்கும் அறையில் எதையும் விரிக்காமல் இருப்பதே என் ஆலோசனை.


முடிச்சூர்க்காரர்

தரைத்தளத்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு: 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. முந்தைய உரிமையாளர் ஒட்டியிருந்த கார்பெட் ஒரு படுக்கையறையில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு டைல்ஸ் இருந்த அறைகளைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு மீட்டுவிட்டோம். அந்த ஒரு அறையை மட்டும் பல வாரம் திறக்க முடியவில்லை. சேறும் கழிவுநீரும் ஊறிய கார்பெட்டைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் வெளியே எடுத்தோம். மூன்றாம் மாடிக்கு இந்தப் பயம் இல்லை, ஆனால் வேளச்சேரியில் கீழ்வீடுகளில் இருப்போரும் இதைப் படிக்கக்கூடும்.


மலர்விழியின் கணவர்

மலரின் கணக்கிலிருந்தே எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஒட்டுவது வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கூடத்தின் பெரும்பகுதியை மறைக்கும் ஒரே பெரிய ரக் வாங்கினால் என்ன? 9க்கு 12 அடியில் பார்த்தேன். சின்னச் சின்ன ரக்குகள் கூடத்தைத் துண்டு போட்டது போல் காட்டும். அப்பா எங்கே நடந்தாலும் சில்லிப்பு இல்லை, குழந்தை எங்கே விழுந்தாலும் அடி இல்லை, கீழ்வீட்டுக்கும் சத்தம் இல்லை. ஒரே செலவில் மூன்று தொல்லையும் தீரும் அல்லவா?


சாதிக், கம்பளக் கடையில் பணி, வேலூர்

ஐயா, 9க்கு 12 அடி என்றால் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். கையால் முடிச்சிட்ட நல்ல கம்பளிக் கம்பளம் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ வரை இருக்கும். மொத்தம் 30 கிலோவுக்கு மேல். சோபாவையும் மேசையையும் நகர்த்தி, அதைச் சுருட்டி, மொட்டை மாடி வரை தூக்கிப் போக உங்கள் வீட்டில் எத்தனை பேர்? தூக்க முடியாது என்று ஆகிவிட்டால் அது அங்கேயே கிடக்கும். பசை இல்லாத கார்பெட் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இருக்காது. வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே, வீட்டில் இதை எடுத்து உதறப் போவது யார் என்பதுதான். விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலான வீடுகளில் அந்த வேலை ஒரு பெண்ணின் தோளில் விழுகிறது. அவர் தனியாகத் தூக்கக்கூடிய அளவே அந்த வீட்டுக்கு ஏற்ற அளவு.

மலர்விழி அம்மா கேட்ட ஆயிரம் ரூபாய், லட்ச ரூபாய் வித்தியாசத்துக்கு வருகிறேன். கடையில் எந்த ரக்கைக் காட்டினாலும் முதலில் புரட்டிப் போட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். மேற்பக்கம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

பின்பக்கத்திலும் அதே பூ வேலைப்பாடு தெளிவாகத் தெரிந்து, நெருங்கிப் பார்த்தால் சிறு சிறு முடிச்சுகள் வரிசையாக இருந்தால் அது கையால் முடிச்சிட்டது. காஷ்மீரிலும், உத்தரப் பிரதேசத்தில் பதோகி, மிர்சாபூர் பகுதியிலும் செய்கிறார்கள். ஓரத்துக் குஞ்சம் தனியாகத் தைத்ததாக இருக்காது, கம்பளத்தின் பாவு நூலே வெளியே நீண்டிருக்கும். சதுர அங்குலத்துக்கு 200 முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 6க்கு 9 அடிக் கம்பளத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள், ஒவ்வொன்றும் விரலால் போட்டது. தேர்ந்த கைக்கே ஒரு நாளில் சில ஆயிரம்தான் முடியும். விலை ஏன் அப்படி என்பது இப்போது விளங்கும். இந்தத் தொழிலில் குழந்தைகளை உட்கார வைத்த கறை இருக்கிறது. அதற்கு எதிராகக் குழந்தை உரிமைப் போராளி கைலாஷ் சத்யார்த்தி 1994இல் தொடங்கிய ரக்மார்க் முத்திரை இப்போது குட்வீவ் என்ற பெயரில் இருக்கிறது. விலை உயர்ந்த கம்பளம் வாங்குவோர் அந்த முத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கிறவர்கள் இருந்தால்தான் விற்கிறவர்கள் வைப்பார்கள்.

புரட்டினால் பின்னால் வெறும் காடாத் துணி ஒட்டியிருக்கிறதா? அது டஃப்டட். கையில் பிடிக்கும் துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் நூலைச் செலுத்தி, அது உதிராமல் இருக்க லேட்டக்ஸ் என்னும் ரப்பர் பசை பூசி, மேலே துணி ஒட்டி மறைக்கிறார்கள். கையால் செய்தது என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது. கையால் முடிச்சிட்டது என்று சொன்னால் பொய். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அந்தப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து பொடியாகும். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் மாவு போலக் கிடக்கும், ரப்பர் நெடியும் வரும். துவைத்தால் துணி பிரிந்துவிடும். வீசிங் உள்ள வீட்டுக்கு நான் காட்டவே மாட்டேன்.

பட்டு போல மின்னும் விலை மலிவான ரக் பெரும்பாலும் விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து செய்யும் இழை. பனானா சில்க், ஆர்ட் சில்க் என்று பல பெயரில் வரும். ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினாலே இழை படிந்து மஞ்சளாகத் தடம் விழும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதற்கு ஒரு வாரம்கூட ஆயுள் இல்லை. சணல் விரிப்பும் ஈரம் பட்டால் கறுக்கும், குழந்தையின் முட்டிக்கும் சொரசொரக்கும். பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையில் இயந்திரம் நெய்த ரக் தண்ணீரைக் குடிக்காது, கழுவலாம், விலையும் குறைவு. அழகில் குறைவு என்பார்கள், ஆனால் வேலைக்கு உதவும். கம்பளி மிக நல்ல பொருள். அதன் இழையில் இருக்கும் இயற்கைக் கொழுப்பு, சிந்திய நீரைச் சற்று நேரம் மேலேயே நிறுத்தி வைக்கும், அதற்குள் ஒற்றி எடுத்துவிடலாம். ஆனால் சோபாவுக்கு அடியில் இருட்டில் அசையாமல் கிடந்தால் அந்துப்பூச்சி அரித்துவிடும்.


தறிவீட்டுப் பிள்ளை, பவானி

சாதிக் அண்ணன் சொன்ன எடைக் கணக்கு ஜமக்காளத்துக்கும் பொருந்தும். கல்யாண மண்டபத்துக்கு வாங்கும் அளவை வீட்டுக்கு வாங்காதீர்கள்.


இயன்முறை மருத்துவர், திருச்சி

இதுவரை எல்லோரும் தூசியையும் நெசவையும் பேசியிருக்கிறீர்கள். 74 வயதுப் பெரியவரை மறந்துவிடக் கூடாது.

மூட்டுவலி உள்ளவர்கள் பாதத்தை முழுவதும் தூக்கி வைப்பதில்லை, தரையோடு இழுத்து நடப்பார்கள். சுருண்ட ஓரம், வழவழப்பான டைல்ஸின் மேல் நழுவும் துணி, இரண்டுமே அவர்களைச் சாய்த்துவிடும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டு நடப்பது எளிதல்ல. தம்பி, ஜமக்காளத்தைப் பற்றி நீங்கள் சொன்ன நல்லது எல்லாம் உண்மை. ஆனால் டைல்ஸ் மேல் வெறுமனே விரித்தால் அது வழுக்கும். இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

என் வேண்டுகோள் இது. கட்டிலிலிருந்து குளியலறை வரை பெரியவர் நடக்கும் பாதையில் ரக், ஜமக்காளம், கால்மிதி எதுவும் வேண்டாம். சில்லிப்புக்கு வீட்டுக்குள் போடும், குதிகாலை மூடிய, அடியில் ரப்பர் பிடிப்புள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். அவர் எங்கே போனாலும் வெதுவெதுப்பு கூடவே போகும். வீட்டுக்குள் செருப்பா என்று தயங்குவார். பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டுப் போகட்டும், உட்கார்ந்து கழற்ற ஒரு நாற்காலியும் அங்கே போடுங்கள். இரவில் பாதையில் மங்கலான விளக்கு எரியட்டும். ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்தாலே பாதிக் குளிர் குறைந்துவிடும்.


மலர்விழி, வேளச்சேரி

ஐயா, மாமனாரிடம் காட்டினேன். காலணி யோசனையை உடனே ஏற்றுக்கொண்டார். பூஜை அறை வாசலில் நாற்காலி போடலாம் என்றதும் அவருக்குத் திருப்தி.

அப்படியானால் ரக் என்பது கூடத்தில் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மட்டும். 5க்கு 8 அடி போதும் என்று நினைக்கிறேன், நானே தூக்கிவிடுவேன். ஜமக்காளம் எடுக்கலாம் என்று கணவரும் சொல்கிறார். ஆனால் அது மெல்லியது. குழந்தை விழுந்தால் தாங்குமா? கீழ்வீட்டுச் சத்தம் குறையுமா? வழுக்காமல் இருக்க என்ன செய்வது? வேலைக்கு வரும் அக்கா தினமும் தரையை ஈரத்துணியால் துடைப்பார், அதற்கும் வழி சொல்லுங்கள்.


குமரன், கார்பெட் பொருத்துபவர், கோயம்புத்தூர்

உங்கள் முதல் மூன்று கேள்விக்கும் ஒரே பொருள் போதும். அடிவிரிப்பு கேளுங்கள். மேல்பக்கம் ஃபெல்ட், அதாவது இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி, கீழ்ப்பக்கம் ரப்பர் பிடிப்பு உள்ளது. கால் அங்குலத் தடிமன் போதும், அதற்கு மேல் போனால் ஓரம் உயர்ந்து தடுக்கும். ஜமக்காளத்தைவிட நான்கு பக்கமும் ஓர் அங்குலம் சிறிதாக வெட்டிக்கொண்டால் ஓரம் தரையோடு படிந்துவிடும். பொம்மை விழும் ஓசை, கார் உருளும் அதிர்வு இவற்றை ஃபெல்ட் நன்றாகவே வாங்கிக்கொள்ளும். மலிவான பி.வி.சி. வலையை வாங்காதீர்கள், சூட்டில் தரையோடு ஒட்டிக்கொண்டு கறை விடும்.

நீள ஓரம் ஒன்றைச் சோபாவின் முன்கால்களுக்கு அடியில் கொடுங்கள், நகராது. மீதி மூன்று பக்கமும் பெரியவர் நடக்கும் வழியைத் தொடாமல் இருக்கட்டும்.

துடைக்கும் நேரத்தில் விளையாட்டுப் பக்கத்தை மடித்துச் சோபா மேல் போட்டுவிடலாம். டைல்ஸ் முழுவதும் காய்ந்த பிறகுதான் திரும்ப விரிக்க வேண்டும். ஈரத் தரையில் விரித்தால் ஃபெல்ட் நாறும், அதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.


ரஞ்சனி, ஸ்காபுறோ

மஞ்சள் கறைக்கு ஒன்று சொல்லட்டுமா? சோப்புப் பட்டதும் அது சிவந்து பயமுறுத்தும். அலசிவிட்டு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் தானே வெளுத்துப் போகும். எங்களுக்கு இங்கே ஆறு மாதம் அந்த வெயில் கிடைப்பதில்லை, உங்களுக்கு வாசலிலேயே இருக்கிறது.


தறிவீட்டுப் பிள்ளை, பவானி

வெயில் சரிதான் ரஞ்சனி அக்கா. கறை உள்ள பக்கத்தை மட்டும் ஒரு நாள் வெயிலில் காட்டலாம். வழக்கமாகக் காயப் போடுவது நிழலில் நல்லது, இல்லையென்றால் சாயமும் சேர்ந்து வெளுக்கும்.

மலர்விழி அக்கா, வாங்கும்போது கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சிவப்புப் பட்டையின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் எடுக்காதீர்கள், குழந்தை வாயில் வைக்கும் பொருள். பட்டு போல மினுங்கும் இழையில் கரை வைத்த ரகமும் காட்டுவார்கள், அது விருந்தாளி உட்கார நன்றாக இருக்கும். தவழும் பிள்ளைக்குத் தடித்த பருத்தி நூல் ரகத்தைக் கேளுங்கள். முதல் அலசலைத் தனியாக, பச்சைத் தண்ணீரில் செய்யுங்கள்.


மலர்விழி, வேளச்சேரி

வரும் ஞாயிறு கோ-ஆப்டெக்ஸுக்குப் போகிறோம். 5க்கு 8 அடி, தடித்த பருத்தி, கைக்குட்டை எடுத்துக்கொள்கிறேன். மூத்தவனின் அறைத் தரையை அப்படியே விட்டுவிடுகிறோம், மெத்தை உறைகளை வெந்நீரில் துவைக்கத் தொடங்கிவிட்டேன். ஒப்பந்தக்காரரிடம் கார்பெட் வேண்டாம் என்று கணவரே இன்று சொல்லிவிட்டார். சாதிக் அண்ணா, வேலூர்ப் பக்கம் வந்தால் அந்த முடிச்சுக் கம்பளத்தின் பின்பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், வாங்குவதற்காக இல்லாவிட்டாலும்.


சாதிக், கம்பளக் கடையில் பணி, வேலூர்

தாராளமாக வாருங்கள் அம்மா, பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பகல் நேரத்தில் வந்தால் நல்லது, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் புரட்டிக் காட்டுகிறேன். குழல் விளக்கில் முடிச்சும் நிறமும் சரியாகத் தெரியாது.